திருச்சிக்கு இரண்டரை நாள், முக்கொம்பு ஆட்டோவில் முக்கால் மணி நேரம்

பொங்கல் அன்று எனக்கு வேலை இருந்தது. அதற்கு ஈடாக ஒரு நாள் விடுப்பு தருவதாக சூபர்வைசர் சொன்னார். அந்த ஒரு நாளை எடுத்து அடுத்து வந்த சனி, ஞாயிறோடு சேர்த்துத்தான் இந்தப் பயணம். 2006 ஜனவரி, மூன்றாவது வாரம். ஆள்கள்: நான் (ஸ்டெல்லா, ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாக கம்பெனியில் தரக்கட்டுப்பாடு), என் கணவர் முருகேசன் (ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு கம்பெனி, ஸ்டோர்), மகள் நிஷா (ஏழு வயது, கேள்வி கேட்பதுதான் முழுநேர வேலை).

ஊர் சுற்றும் ஆசையில் கிளம்பியதல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு வருடம் முன்னால் கம்பெனியில் தகடு அழுத்தும் ப்ரெஸ் மெஷினில் என் கணவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. அன்றிலிருந்து வேலைக்குப் போவார், வீட்டுக்கு வருவார், அவ்வளவுதான். குன்றத்தூர் மலைக்கோயில் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம், அதற்குக்கூட வரமாட்டார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் இல்லை. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். என் தங்கை கல்யாணத்தில் போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றுதான் முடிவு செய்தேன். தெரிந்தவர் யாருமே இல்லாத ஒரு ஊருக்கு இவரை இரண்டு நாளாவது கூட்டிக்கொண்டு போயே தீருவது.

ஏன் திருச்சி? அவர் கோவில்பட்டிப் பக்கம். இந்த வட்டாரத்தில் வாடகை அறைகளில் இருக்கும் தென்மாவட்டக்காரர்கள் எல்லாரையும் போல, அவரும் தீபாவளி, பொங்கலுக்கு ராத்திரி பஸ்ஸில் திருச்சியைத் தாண்டியிருக்கிறார். எட்டு வருடத்தில் முப்பது தடவையாவது இருக்கும். ஒரு தடவைகூட இறங்கியதில்லை. "அந்த மலைக்கோட்டைய லைட்டோட பாத்திருக்கேன். மேல ஏறுனா எப்படி இருக்கும்னு தெரியாது" என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தார். எனக்கு அது போதும்.

திட்டம் போட்டது முழுக்க நான்தான். பெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, திருச்சிக்குப் போய் வந்தவர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். எல்லாரும் கார் வைத்திருக்கிறார்கள்! எங்களைப் போல ஷிப்ட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இந்தக் கணக்குகளை எல்லாம் எழுதுகிறேன். நம் சிக்கல் என்னவென்றால் அடுத்த வார ஷிப்ட் என்ன என்பது முந்தின வியாழக்கிழமைதான் தெரியும். பொங்கல் சமயத்தில் அதற்குள் போகிற ரயிலில் இடம் இருக்காது. திரும்பி வர திங்கள்கிழமை பகல் ரயிலில் மட்டும் மூன்று இடம் கிடைத்தது, பெரியவர்களுக்கு ஆளுக்கு 112 ரூபாய். போவதற்கு பஸ்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் சூபர்வைசர் வந்து, "ஸ்டெல்லா, நாளைக்கு ஓட்டி கீது, லோடு போகணும், வந்துடு" என்றார். முடியாது என்றேன். "இன்னாம்மா, டபுள் சம்பளம்" என்றார். "டபுளோ த்ரிபுளோ சார், நான் நாளைக்கு ஊர்ல இல்ல" என்றேன். ஐந்து வருடத்தில் நான் ஓட்டி (ஓவர்டைம்) வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.  வீட்டுக்கு வந்தால் இவர், "உனக்கு ஓட்டி இருக்குன்னா போ. பெறவு ஒரு நாள் போவோம்" என்கிறார். இந்த மனிதருக்கு அப்படி ஒரு சாக்குதான் வேண்டியிருந்தது. பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை 4.50க்கு வீட்டைப் பூட்டினோம். குன்றத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தால் முக்கால் மணி நேரம். தாம்பரத்தில் 6.10க்கு திருச்சி அரசு பஸ். பெரியவர்களுக்கு 115 ரூபாய், நிஷாவுக்கு அரை டிக்கெட். சுமார் 300 கிலோமீட்டர். சாலையை நாலு வழியாக்கும் வேலை நடப்பதால் செங்கல்பட்டு தாண்டியதும் வண்டி ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். முதுகுவலி உள்ளவர்கள் பின் சீட்டில் உட்கார வேண்டாம். விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு மோட்டலில் இருபது நிமிடம் நிற்கும். அங்கே டீ வாங்காதீர்கள், இட்லி அதைவிட மோசம். நான் ஆறு பேருக்குக் காணும் அளவுக்கு எலுமிச்சை சாதமும் துவையலும் கட்டி எடுத்துப் போயிருந்தேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து ரோடு பரவாயில்லை. நிஷா ஒவ்வொரு மைல்கல்லையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். பெரம்பலூரில் கண்டக்டர், "பாப்பா, அடுத்த ட்ரிப்புக்கு நீயே கண்டக்டரா வந்துடு" என்றதும் வாயை மூடினாள்.

சமயபுரம் தாண்டி கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறியபோது மணி 1.15. இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். ஜன்னல் ஓரத்தில் இருந்த இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து காவிரிப் பாலம். அதிலும் தண்ணீர். தூரத்தில் மலைக்கோட்டை. "பகல்ல இம்புட்டு பெருசா இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

மத்திய பேருந்து நிலையத்தைச் சுற்றி எல்லா விலையிலும் லாட்ஜ் இருக்கிறது. நாங்கள் எடுத்தது இரண்டு பேர் அறை 350 ரூபாய், கூடுதல் மெத்தைக்கு 75. வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போட மேனேஜர் பேனாவை நீட்டியதும் இவர் இடது கையால் மெதுவாக எழுதினார். நான் "நான் போடறேன் குடுங்க" என்று பேனாவை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு மேனேஜர், "மெட்ராஸா?" என்றார். "பென்னலூர்" என்று நான் பிறந்த ஊரைச் சொன்னேன். அது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

சாயங்காலம் மலைக்கோட்டை. மத்திய பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் நிமிடத்துக்கு ஒன்று வரும், நாலு ரூபாய். சின்னக்கடை வீதியில் துணிக்கடைக் கூட்டத்துக்குள் நுழைந்து நடந்தால் அடிவாரம். செருப்பைக் கீழேயே விட வேண்டும். நானூறு சொச்சம் படி. முதல் பாதி பாறைக்குள்ளேயே குடைந்த படிகள், நிழல், குளிர்ச்சி. கடைசிப் பகுதி வெட்டவெளி. ஐந்து மணிக்கு ஏற ஆரம்பித்தால் சூரியன் விழும்போது உச்சியில் இருக்கலாம், கால் சுடாது. மேலே இருந்து பார்த்தால் காவிரி, அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். இரண்டு ஆறுக்கு நடுவில் ஒரு தீவில் ஊர் இருக்கிறது என்பது அங்கே நின்றால்தான் புரியும். காற்று அடித்த அடியில் நிஷாவுக்குப் பல் தந்தியடித்தது. இவர் அவளைத் தூக்கிக் காட்டினார், ஆனால் இடது கையால் மட்டும். யாரோ ஒரு குடும்பம் போட்டோ எடுத்துத் தரச் சொல்லி அவரிடம் கேமராவை நீட்டியது. அவர் இரண்டடி பின்னால் போய் என்னைக் காட்டிவிட்டார்.

பரவாயில்லை, இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஸ்ரீரங்கம். அதே ஒன்றாம் நம்பர் பஸ் ராஜகோபுரம் வரை போகும். ஏழு மணிக்குப் போனதில் இலவச வரிசையில் ஒன்றே கால் மணி நேரம். ஒன்பதுக்கு வந்தவர்கள் மூன்று மணி நேரம் நின்றதாகச் சொன்னார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகாமல் கோயில் வரிசையில் நிற்பது என் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இவர் கேட்டார். கிண்டல் செய்கிறார்! ஒரு வருடத்துக்குப் பிறகு. அந்த ஒரு வரிக்காக இன்னும் மூன்று மணி நேரம்கூட நின்றிருப்பேன்.

இனி எழுதப் போவதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "கம்பெனி பேரும், கூட நின்னவன் பேரும் வேண்டாம். மத்தது எழுது" என்றார்.

மதியம் அறையில் படுத்து எழுந்து, 2.30க்கு முக்கொம்பு கிளம்பினோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம் அது. பஸ் உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டு போக வேண்டும். ஆட்டோ பேசினோம். போக, வர, இரண்டு மணி நேரம் காத்திருக்க 260 ரூபாய். முதலில் 350 கேட்டார்கள். எங்களுக்கு வந்தவர் ஜாபர் பாய். ஐம்பது வயதிருக்கும், நிதானமாக ஓட்டுவார். கரூர் ரோட்டில் சுமார் இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். ஒரு பக்கம் வாய்க்காலும் வாழைத் தோட்டங்களும், இன்னொரு பக்கம் மரங்களுக்கு இடையில் அவ்வப்போது காவிரி.

ஊரைத் தாண்டுவதற்குள் நிஷா இவர் மடியில் தூங்கிவிட்டாள். ஆட்டோ குலுங்கியதில் அவள் விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். பாக்கெட்டிலிருந்து கை வெளியே வந்ததை அவர் கவனிக்கவில்லை. ஜாபர் பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"என்ன சார் ஆச்சு கையில?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தெருவிலும் என் வீட்டிலும் அந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்தவள் நான். ஏதாவது பேசிப் பேச்சை மாற்றலாம் என்று வாயைத் திறப்பதற்குள் இவரே சொன்னார். "ப்ரெஸ்ல மாட்டிக்கிட்டு."

"எங்க வேலை?"

"ஸ்ரீபெரும்புதூர்ல."

"மிஷின் கோளாறா?"

இவர் நிஷாவை மடியில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டார்.  இரண்டு மூன்று கிலோமீட்டர் அப்படியே போனது. எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று வந்து, அதற்கு வழிவிட்டு ஓரமாக நின்றபோது இவர் பேசினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மிஷின் கோளாறு இல்ல பாய். நாந்தான்."

ஜாபர் பாய் வண்டியை மறுபடி ரோட்டில் ஏற்றினார். "சொல்லுங்க."

"அந்த ப்ரெஸ்ல ரெண்டு பொத்தான் இருக்கும். ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்குனாத்தான் இறங்கும். கை உள்ள இருக்கக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காவ. எனக்கு அன்னன்னிக்கு அடிக்க வேண்டிய எண்ணிக்கை காணல. ஒரு பொத்தான்ல ஒரு ரூவாத் துட்ட வச்சு டேப்பச் சுத்திட்டேன். அப்ப ஒரு கையால அமுக்கலாம், மறு கையால பீஸத் தள்ளலாம். நாலு நாளு அப்படித்தான் ஓட்டுனேன். அஞ்சாம் நாளு போயிட்டு."

எனக்கு இது எதுவும் தெரியாது. அவரோடு ஒரு வருடம் ஆஸ்பத்திரி, ஆபீஸ், வீடு என்று அலைந்த எனக்குத் தெரியாது.

"அந்த டேப்ப யாரு எடுத்தா?" என்றேன்.

என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "கூட நின்னவன் எடுத்துட்டான். ஆபீசர்மாரு வரதுக்கு முன்னாடி. என்னையக் காப்பாத்தணும்னு. பெறவு எல்லாரும் மிஷின்தான் தானா ரெண்டு தடவ அடிச்சிட்டுன்னு முடிவு பண்ணிட்டாவ. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதில்லை. மீதி எனக்குத் தெரியும். அந்த வாரம் அந்த மெஷினைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட ஃபிட்டர் தணிகாசலம். அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அனுப்பும் முன்னால் இவர் கம்பெனி ஆபீஸ் அறையில் மேஜையைத் தட்டிக் கத்தியது யார்? நான். "மிஷின ஒழுங்கா பாக்காத ஆள இன்னாத்துக்கு சம்பளம் குடுத்து வெச்சிகினு கீறீங்க? எங்க வூட்டுக்காரர் கை போச்சு, அந்தாளு ஜாலியா வந்து போயிகினு கீறான்" என்று நான் கத்தினேன். கத்தி, இவருக்கு ஸ்டோரில் வேலை வாங்கிக்கொடுத்தேன். அதை எல்லாரிடமும் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்.

ஜாபர் பாய் கொஞ்ச நேரம் கழித்து, "டீ சாப்பிடலாமா சார்?" என்றார். ஜீயபுரத்தில் நிறுத்தினார். மூன்று டீ, அவரே காசு கொடுத்தார்.  அந்த மனிதர் ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

முக்கொம்பு அழகான இடம். பூங்கா, ஊஞ்சல், சறுக்குமரம், ஆற்றின் குறுக்கே மதகுகள் வைத்த நீளமான பாலம். நுழைவுக் கட்டணம் மூன்று ரூபாய். வாசலில் அப்போதே பிடித்த மீனை மிளகாய் தடவிப் பொரித்துத் தருகிறார்கள், துண்டு பத்து ரூபாய். நிஷா மூன்று துண்டு சாப்பிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அங்கே எதுவும் நினைவில்லை. அவர்களை ஊஞ்சல் பக்கம் விட்டுவிட்டு நான் பாலத்தின் மேல் தனியாக நடந்தேன். கீழே மதகு வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுகிற சத்தத்தில் யார் பேசினாலும் காது கேட்காது. அது நல்லதாகப் போனது. நான் திட்டித் தீர்த்தேன், அவரை, என்னை, இன்னும் யார் யாரையோ.

அரை மணி கழித்து அவர் நிஷாவைக் கூட்டிக்கொண்டு அங்கேயே வந்தார். அவள் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ எனக்காகச் சண்ட போட்டுக்கிட்டு இருந்த. எங்கன நிறுத்தச் சொல்ல?"

"ஒரு வருஷமாங்க. ஒரு நாளுகூடவா வாய் வரல?"

"வந்துச்சு. அப்பல்லாம் நீ தணிகாசலத்த ஏசிக்கிட்டு இருப்ப."

 திரும்பும்போது ஆட்டோவில் நிஷா மட்டும் பேசினாள். அறைக்கு வந்து, பரோட்டா வாங்கிச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிட்டோம்.

திங்கள்கிழமை காலைக்கு நான் ஏற்கெனவே போட்டிருந்த திட்டம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை. ரயில் ஒன்பது மணிக்கு மேல்தான். 5.45க்கு வரச் சொல்லி ஜாபர் பாயிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். இந்த நிலைமையில் போவானேன் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு எழுந்து நிஷாவுக்கு ஸ்வெட்டரை மாட்டினேன். போட்ட திட்டத்தை நான் விடுவதில்லை.

ஆறே காலுக்குப் படித்துறையில் இருந்தோம். ஆற்றின் மேல் பனி. எதிர்க்கரை தென்னை மரங்கள் பாதிதான் தெரிந்தன. படியில் ஈரத்துணியோடு ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவரவர் குளியல், அவரவர் வேண்டுதல், யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாங்கள் மூன்றாவது படியில் உட்கார்ந்தோம்.

"நாளைக்கு மேனேஜரப் பாத்துச் சொல்லப் போறேன்" என்றார்.

நான் பாராட்டியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்கு முதலில் வந்தது பயம். "வேல போச்சுன்னா?"

"போனா போவட்டும்."

"சுலுவா சொல்றீங்க. வாடக யாரு குடுப்பா, இவ ஸ்கூல் பீஸு யாரு கட்டுவா? இந்தக் கையோட வேற எவன் வேல குடுப்பான்?"

சொன்ன பிறகுதான் என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. அவர் கோபப்படவில்லை. வலது கையை முழங்கால் மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தணிகாசலத்துக்கு ரெண்டு பிள்ள ஸ்டெல்லா. அந்தாளு ஊர்லயேதான் இருக்கான். பஸ் ஸ்டாண்ட்ல ரெண்டு தடவ பாத்தேன். என்னையப் பாத்து, கை எப்படி இருக்குன்னு கேட்டான். அவன் என்கிட்ட கேக்கான்."

நிஷா, "அப்பா, தண்ணி தொடலாமா?" என்று பத்தாவது தடவையாகக் கேட்டாள்.  அந்த ஆபீஸ் அறையும், நான் தட்டிய மேஜையும், மூலையில் ஒன்றும் பேசாமல் நின்ற தணிகாசலமுமாக எல்லாம் எனக்குக் கண்ணில் வந்தது.

"சரி" என்றேன். "நானும் வரேன். அந்த ரூம்ல கத்துனவ நான். நீங்க மட்டும் போனா சரியா வராது."

அவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிஷாவோடு தண்ணீரில் இறங்கினார். கிணற்றில் நீந்திப் பழகியவர், ஆற்றுக்குப் பயமில்லை. இழுப்பு இருக்கும் என்பதால் இடுப்பளவுக்கு மேல் போகவில்லை. நிஷா அவருடைய வலது கைச் சுண்டுவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தனியாக நீட்டிக்கொண்டிருப்பதால் அது பிடிக்க வாகாக இருந்ததாம், பிறகு என்னிடம் சொன்னாள். தண்ணீர் குளிருக்கு இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்துப் படியில் இருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார்கள்.

ரயிலில் பெரம்பலூரோ அரியலூரோ என்று நிஷா ஸ்டேஷன் பெயர்களை எழுத்துக்கூட்டிக்கொண்டு வர (அரியலூர்தான்), இவர் என் பேனாவை வாங்கி இடது கையால் கடிதம் எழுதினார். ஒரு பக்கம் எழுத விழுப்புரம் வரை ஆனது. நான் எழுதித் தருகிறேன் என்று கேட்கவில்லை. இரண்டு மணி வாக்கில் தாம்பரத்தில் இறங்கினோம்.

செவ்வாய்க்கிழமை நான் அரை நாள் விடுப்புப் போட்டு அவரோடு போனேன். மேனேஜர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "டேப்பை எடுத்தது யார்?" என்று கேட்டார். "அதுவும் என் பொறுப்புன்னு எழுதிக்கோங்க சார்" என்றார் இவர். நான் அன்று பேசியது தப்பு என்று சொன்னேன். அந்த ஃபைல் மூடிய ஃபைல், இதைக் கிளறி உங்களுக்கு என்ன லாபம் என்று மேனேஜர் கேட்டார். இவர் எழுந்திருக்கவில்லை. "தணிகாசலத்து மேல தப்பு இல்லன்னு ஒரு பேப்பர் வேணும் சார். அது கிடைக்குத வரைக்கும் தெனமும் வருவேன்." வந்தார். மூன்று வாரம், ஷிப்ட் முடிந்து தினமும் அந்த அறை வாசலில் போய் நின்றார். இவருக்கு எச்சரிக்கை மெமோவும் இரண்டு நாள் சஸ்பென்ஷனும் கிடைத்தன. ஸ்டோர் வேலை நிலைத்தது. பிப்ரவரி நடுவில் அந்தப் பேப்பரும் வந்தது.

அதற்கு முன்பே, முதல் வாரத்திலேயே, தணிகாசலத்தைப் போய்ப் பார்த்தோம். மாங்காட்டுப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் தினக்கூலிக்கு இருந்தார். இவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை கையிலிருந்த இரும்புத் துண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு வருஷமா என் பொண்டாட்டிகூட நான்தான் இன்னாமோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சிகினு கீறா. எனுக்கே சந்தேகம் வந்துடுச்சு, நட்ட சரியா முடுக்குனனா இல்லயான்னு" என்றார். அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு லேத்தைப் போட்டுவிட்டார். நாங்கள் வந்துவிட்டோம். மன்னித்தாரா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பேப்பரை இவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அதைக் காட்டி தணிகாசலம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அவர் வாயால் சொல்லவில்லை.

இவர் இப்போது மாதத்தில் ஒரு நாள், புதிதாகச் சேருபவர்களிடம் அந்த இரண்டு பொத்தானைப் பற்றிப் பேசுகிறார். முழுக்கைச் சட்டையை மடித்து விட்டுக்கொண்டுதான் பேசுகிறாராம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மூன்று பேருக்கு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 2,640 ரூபாய் ஆனது. சின்னக்கடை வீதியில் நிஷாவுக்கு எடுத்த பாவாடையும் அதில் அடக்கம். ஸ்வெட்டர் ஒன்று போதும், காலை எட்டு மணிக்குமேல் தேவைப்படாது. கல்லணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள். குழந்தையோடு போனால் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிற தம்பதிகள் முடிந்தால் ஒரு பயணத்தை ஆட்டோவில் வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டு போகும்போது சொல்ல வருகிற பேச்சு, வீட்டில் ஒருவர் தூங்க ஒருவர் கிளம்புகிற நேரத்தில் வருவதில்லை. குடும்பத்தில் யாருக்காகவாவது, யாரும் கேட்கக் கூடாது என்று நீங்கள் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிற பேச்சு ஏதாவது இருந்தால், அது யாரைக் காக்கிறது என்று ஒரு தடவை யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

ஆனால் கோடையில் போகலாம், லீவில் போகலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஜனவரி கடைசியில் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் போனால் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து மணலைத்தான் பார்க்கலாம். தண்ணீர் ஓடுகிறபோதே போய்விடுங்கள்.